ரேடியோ கெட்டுப்போகல, பாட்டி

இன்னைக்கு ஆப், ஏஐ எதுவும் இல்ல. பரண்ல தூங்கிட்டிருந்த ஒரு ரேடியோவைப் பத்திப் பேசப்போறேன்.

ஸ்கூல் படிக்கும்போது எனக்கு ஷார்ட்வேவ் பைத்தியம். தஞ்சாவூர்ல தாத்தா ரேடியோவோட முள்ளைத் திருகித் திருகி, கேட்ட நிலையங்களுக்கெல்லாம் கடிதம் போடுவேன். "ஆமா, நீ கேட்டது எங்களைத்தான்"னு உறுதிப்படுத்தி க்யூஎஸ்எல் கார்டு அனுப்புவாங்க. அப்புறம் இன்ஜினியரிங், வேலைன்னு எல்லாம் மறந்துபோச்சு.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அந்த ரேடியோவைத் தேடி எடுத்தேன். "அது கெட்டுப்போச்சுப்பா"ன்னாங்க பாட்டி. தாத்தா போனதுக்கு அப்புறமும் ராத்திரி ஆனா பிபிசி தமிழோசை வெச்சுக் கேட்பாங்களாம். ஒருநாள் அந்த இடத்துல வெறும் இரைச்சல். ரேடியோ போச்சுன்னு பரண்ல ஏத்திட்டாங்க.

திறந்து பார்த்தேன். பேட்டரி முனைகள்ல பச்சைக் களிம்பு. வினிகர் தொட்டுத் துடைச்சு, உப்புத்தாள் போட்டேன். கரகரத்த வால்யூம் குமிழுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடிச்சேன். அவ்வளவுதான், உயிர் வந்துடுச்சு. ஆனா வீட்டுக்குள்ள எங்க திருப்பினாலும் ஒரே இரைச்சல்.

காரணம் வீடுதான். எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாத்துக்குள்ளயும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அணைச்சுப் போடுற சர்க்யூட் இருக்கு. அந்த இரைச்சல் ஷார்ட்வேவ் வரைக்கும் பரவும். மொட்டை மாடிக்குப் போய், ஆன்டெனால பத்து மீட்டர் வயரை மாட்டினேன்.

ராத்திரி பத்து மெகாஹெர்ட்ஸ்ல "டிக், டிக், டிக்". சீனாவோட பிபிஎம் நிலையம் அனுப்புற நேரக் குறியீடு! ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். நடுவுல சாட்டிலைட் இல்ல, கேபிள் இல்ல. மேல இருக்குற அயனி மண்டலம் அலையைத் திரும்பப் பூமிக்கு வளைச்சு விடுது. பகல்ல வெயிலால 60லிருந்து 90 கிலோமீட்டர் உயரத்துல 'டி' அடுக்குன்னு ஒண்ணு உருவாகி, குறைஞ்ச அதிர்வெண்களை உறிஞ்சிடும். பொழுது சாஞ்சா அது கரைஞ்சுடும். அதனால பகல்ல 15, 17 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்க. ராத்திரி 6, 7, 9. முந்நூறை மெகாஹெர்ட்ஸால வகுத்தா மீட்டர் வந்துடும்: 9.6 மெகாஹெர்ட்ஸ்னா 31 மீட்டர் பேண்ட்.

சரி, தமிழோசை? 1941-ல ஆரம்பிச்ச அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30-ஓட நின்னுபோச்சு. பாட்டிகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நின்னது அவங்களா? நான் இத்தனை வருஷமா ரேடியோவைத்தானே திட்டிட்டிருந்தேன்"னாங்க.

இப்போ அது பரண்ல இல்ல, பாட்டி தலைமாட்டுல இருக்கு. காலைல மீடியம்வேவ்ல திருச்சி வானொலி ஓடுது. நான் ஊருக்குப் போனா ராத்திரி அது என் கைக்கு வரும்.

உங்க வீட்டுலயும் ஒண்ணு கிடக்கலாம். எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் மாடிக்கு எடுத்துட்டுப் போங்க. கேட்ட நேரம், அதிர்வெண், என்ன பேசினாங்கன்னு நோட்டுல எழுதுங்க. க்யூஎஸ்எல் கார்டு கேட்கணும்னா அதுதான் ஆதாரம். என்ன சிக்குச்சுன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!