களிமண் முற்றமும் செயற்கைப் புற்றரையும்



புல்லையும் கடையிலே வாங்கி முற்றத்தில் விரிக்கும் காலம் இது. வெட்ட வேண்டியதில்லை, நீரூற்ற வேண்டியதில்லை என்று சொல்லி விற்கப்படும் செயற்கைப் புல், ஈரலிப்பு மிக்க களிமண் நிலத்தில் சில ஆண்டுகளுக்குள் பழுதடைவது ஏன்? பழுதுற்றதைத் திருத்துவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, அப்புல் புகழ்பெற்ற ஊருக்கே செல்வோம்.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரில் 1965ஆம் ஆண்டு அஸ்ரோடோம் என்னும் கூரையிட்ட பெரும் விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. ஒளிபுகும் கூரையின் கீழே முதலில் இயற்கைப் புல்லே வளர்க்கப்பட்டது. ஆயின், கூரையினூடு வந்த ஒளி கண்ணைக் கூசச் செய்தமையால், உயர எழுந்த பந்து ஆட்டக்காரருக்குப் புலப்படவில்லை. கூரைக்கு வர்ணம் பூசினர். ஒளி குன்றவே புல் மாண்டது. 1966இல் மொன்சாந்தோ நிறுவனத்தார் ஆக்கிய நைலோன் புல் அங்கே விரிக்கப்பட்டது. 'அஸ்ரோரேர்வ்' என்னும் பெயரும் அவ்வரங்கினாலேயே அதற்கு வாய்த்தது.

இன்று அந்நகரத்து வீட்டு முற்றங்களிலும் செயற்கைப் புல்லைக் காணலாம். அரங்கினுள் மழை பெய்வதில்லை. முற்றத்திலோ ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது; அதனை ஏற்கும் நிலமோ களி. நீரை உண்டால் வீங்குவதும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும் அக்களியின் இயல்பு. மன்னார்ப் பகுதியில் முருங்கன் வயல்களின் கருங்களியிலே கோடையில் வாய்பிளக்கும் வெடிப்புகளைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டும் ஓரினத்து மண்களே.

இத்தகைய நிலத்தில் நிகழ்வது இதுதான். விரிப்பின் துளைகள் வழியே நீர் விரைந்து இறங்குகின்றது. அடியிலுள்ள களியோ அதனை உட்கொள்வதில்லை. இடையில் நீர் தேங்குகின்றது. மிதிக்குந்தோறும் சேறு கற்களுக்கிடையே மேலேறி, நீர் வழியை அடைக்கின்றது. களி வீங்கியும் சுருங்கியும் தளத்தை மேடுபள்ளமாக்க, விரிப்பு சுருக்கம் கொள்கின்றது, இணைப்புகள் பிரிகின்றன. நாய் வளர்க்கும் வீடாயின், கழுவிச்செல்ல வழியற்ற சிறுநீரிலிருந்து அமோனியா நாற்றம் எழுகின்றது. ஆகவே, பழுது புல்லில் தோன்றினும் அதன் காரணம் பெரும்பாலும் நிலத்திலேயே இருக்கின்றது.

முதலில் நோயை அறிதல் வேண்டும். பெருமழை ஓய்ந்து ஒரு நாள் கழிந்தபின் முற்றத்தில் மெல்ல நடந்து பாருங்கள். கால் அமிழ்ந்து நீர் கசியுமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தரை உறுதியாயிருந்து, இணைப்பு மட்டும் பிரிந்திருப்பின் அதனை ஒட்டினாற் போதும். தரை நெகிழ்ந்திருப்பின், ஒட்டுவது வீண்செலவு. விரிப்பைத் தூக்கியே ஆகவேண்டும்.

மழையற்ற சில நாட்களைத் தெரிந்தெடுங்கள். ஈரக்களியை வெட்டினால் அதன் முகம் மெழுகியதுபோல் மூடி, நீர் புகாததாகிவிடும். புல்லிடை மணலைத் துடைத்தகற்றி, விளிம்பாணிகளைக் கழற்றி, விரிப்பைச் சுருட்டி வையுங்கள். சேறு கலந்த பழைய கற்களை அகற்றி, நான்கு முதல் ஆறு அங்குல ஆழம் வரை தோண்டுங்கள். அடித்தரையை வீட்டுக்கு எதிர்த்திசையில், எட்டு அடிக்கு ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை சரிவாக்குங்கள். களி நீரைக் கீழே விடாதாகையால், அதனைப் பக்கவாட்டில் நடத்திச் செல்வதே வழி. தாழ்ந்த ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட குழாயைக் கற்களிடையே பதித்து வடிகாலோடு சேருங்கள். அயலவர் வளவுக்குள் அதனைத் திருப்பிவிடுதல் முறையன்று.

இனி, களியின்மேல் நீர்புகும் நிலத்துணியை விரியுங்கள். சேறு மேலேறாமற் காப்பது இதுவே. சிக்கனம் கருதி இதனைத் தவிர்த்தோரே மீண்டும் தோண்ட நேர்கின்றது. அதன்மேல் கூர்முனைகளுடைய உடைகற்சல்லியை இரண்டிரண்டு அங்குலமாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் திமிசுக்கட்டையால் இறுக்குங்கள். உருண்டைக் கூழாங்கற்கள் ஒன்றையொன்று பற்றாது உருளும், அவை உதவா.

விரிப்பை மீண்டும் இடும்போது, புல்லின் சாய்வு எல்லாத் துண்டுகளிலும் ஒரு திசையிலேயே அமைதல் வேண்டும். இணைப்பின் கீழ் அகன்ற ஒட்டுப்பட்டையை வைத்து, அதற்குரிய பசையைத் தடவுங்கள். ஒட்டும் முகங்கள் உலர்ந்திருத்தல் அவசியம். துண்டுகளின் இடைவெளி, புல்வரிசைகளின் இடைவெளிக்கு ஒத்திருக்கட்டும். நெருங்கினால் வரம்பு எழும், விலகினால் கோடு தெரியும். ஒரு நாள் முழுவதும் பாரம் ஏற்றி வைத்தபின், மணலைத் தூவிச் சாய்வுக்கு எதிராகத் துடைத்தால் புல் நிமிரும். நாற்றமுள்ள முற்றத்துக்கு அமோனியாவைப் பற்றிக்கொள்ளும் சியோலைற்றுக் கல்மணி நன்று.

இவ்வளவு பாடும் முற்றத்தின் அழகுக்காக மட்டுமன்று. வீட்டுச் சுவரோரம் நீர் தேங்கினால், அங்குள்ள களி வீங்கி அத்திவாரத்தின் ஒரு பகுதியை உயர்த்தும். மற்றப் பகுதி அசையாது நிற்கச் சுவர் வெடிக்கும். நீண்ட வரட்சியில் களி சுருங்கினாலும் அதே கேடுதான். புல்லைத் திருத்தும் செலவு சிறிது. வீட்டைத் திருத்தும் செலவு பெரிது.

முற்றம் முழுவதுமே நெகிழ்ந்து கிடக்குமாயின், செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு உயிர்ப்புல்லை நடுவதையும் எண்ணிப் பாருங்கள். அது வெயிலில் செயற்கைப் புல்லைப்போற் சுடாது. தன் வேர்களால் களியினூடு நீருக்கு வழியும் திறக்கும். எதனைத் தெரிந்தாலும், அடுத்த மழை ஓய்ந்தபின் ஒருமுறை முற்றத்தில் நடந்து, நீர் எங்கே நிற்கின்றது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.