ஒரே சாயம், நான்கு ரிப்பன்கள்

வாழ்த்து அட்டை ஒன்று செய்கிறீர்கள். அட்டையின் பூக்களுக்கு ஏற்ற ஆரஞ்சு ரிப்பன் கடையில் கிடைக்கவில்லை; வெள்ளை ரிப்பன்தான் இருக்கிறது. நாமே சாயம் ஏற்றிக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறதல்லவா? தாராளமாக ஏற்றலாம். ஆனால் எல்லா வெள்ளை ரிப்பனும் எல்லாச் சாயத்தையும் ஏற்பதில்லை. ஒன்று பளிச்சென்று நிறம் பிடிக்கும். மற்றொன்று குழாய் நீரில் அலசியதுமே பழையபடி வெள்ளையாகிவிடும். ஏன்?

பட்டு, நைலான், பருத்தி, பாலியெஸ்டர் ஆகியவற்றில் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு வெள்ளைத் துண்டு சேகரியுங்கள். பருத்திக்குப் பழைய வேட்டித் துணி போதும். 'சாடின்' என்று கேட்டு வாங்குவதில் பயனில்லை. சாடின் என்பது நெசவின் பெயர், இழையின் பெயரன்று. இன்று கிடைக்கும் சாடின் ரிப்பன்களில் பெரும்பாலானவை பாலியெஸ்டரே.

அரை லிட்டர் நீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரும் இரண்டு தேக்கரண்டி வெள்ளை வினிகரும் கலந்து அடுப்பில் வையுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். தளதளவென்று கொதிக்கவிடாமல், ஆவி பறக்கும் நிலையிலேயே வைத்து, நான்கு துண்டுகளையும் இருபது நிமிடம் ஊறவிட்டு எடுத்து அலசுங்கள். பட்டும் நைலானும் நிறத்தை விடமாட்டா. பருத்தியில் பெரும்பகுதி கரைந்து போகும். பாலியெஸ்டரோ நனைந்த சுவடே இல்லாதது போல இருக்கும்.

பட்டு ஒரு புரதம். அதன் மூலக்கூறுகளில் அமினோ தொகுதிகள் உண்டு. இவை வினிகரிலுள்ள அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை ஏற்று நேர்மின்னூட்டம் பெறுகின்றன. கேசரிப் பவுடரில் வழக்கமாகச் சேரும் டார்ட்ரசின் போன்ற நிறமிகள் நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டவை. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும் என்பது நீங்கள் படித்ததுதானே! 1935-இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் என்பவரின் குழு உருவாக்கிய நைலானிலும் இத்தகைய அமினோ முனைகள் உள்ளன. ஆகவே அது சாய விஷயத்தில் பட்டைப் போலவே நடந்துகொள்கிறது. வெள்ளை நைலான் பொத்தான்களையும் இதே நீரில் போட்டு நிறமேற்றலாம். வெப்பம் எதற்கு என்றால், இழையின் மூலக்கூறுச் சங்கிலிகள் சற்று நெகிழ்ந்து, சாயம் உள்ளே நுழைய வழிவிடுவதற்கு.

பருத்தி செல்லுலோஸால் ஆனது. அதில் அமினோ தொகுதிகள் இல்லை. இந்தச் சிக்கல் புதியதன்று. 1856-இல் லண்டனில் 18 வயது மாணவரான வில்லியம் பெர்க்கின், கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது ஊதாநிறச் சாயம் ஒன்று கிடைத்தது. பட்டில் அது எளிதில் ஏறியது. பருத்தியில் ஏறவில்லை, டானின் என்ற பொருளை இடையில் சேர்த்த பிறகே பிடித்தது. (உங்கள் வயதை ஒட்டியவர் என்பதைக் கவனித்தீர்களா?)

பருத்தி நாடாவுக்கு நம் வீட்டு மஞ்சளே போதும், நேரடியாக ஏறும். ஆனால் வெயிலில் வெளிறும். சோப்பு பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இம்மாற்றத்தைக் கொண்டுதான். பாலியெஸ்டரின் சங்கிலிகள் நெருக்கமாக அடைந்தவை, நீரோடு ஒட்டாதவை. ஆலைகளில் தனிவகைச் சாயத்தை அழுத்தக் கலன்களில் சுமார் 130 டிகிரி செல்சியஸில் ஏற்றுகிறார்கள். வீட்டில் அதை விட்டுவிடுவதே நல்லது.

இனி என் பாடமான இயற்பியலுக்கு வருவோம். ஈர ரிப்பனைப் பார்த்து நிறத்தை முடிவு செய்துவிடாதீர்கள்! உலர்ந்த ரிப்பனில் இழைகளுக்கிடையே காற்று இருக்கிறது. இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றினுடையது 1. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் ஒளி பலமாகச் சிதறி, வெண்மை கலந்து நம் கண்ணுக்குத் திரும்புகிறது. காற்றின் இடத்தில் நீர் புகுந்தால் அதன் எண் 1.33, வேறுபாடு குறைகிறது, சிதறலும் குறைகிறது. ஒளி ஆழமாகச் சென்று சாயத்தால் அதிகம் உறிஞ்சப்படுவதால் நிறம் அடர்ந்து தெரிகிறது. காய்ந்ததும் வெளுக்கும். எனவே ஒரு சிறு துண்டை முதலில் தோய்த்து, உலர்த்தி, பகல் வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அலசும் நீர் தெளியும்வரை அலசாமல் ஒட்டினால் அட்டை பாழாகிவிடும். தாளும் செல்லுலோஸ்தான், மிஞ்சிய சாயம் பசையின் ஈரத்தோடு தாளின் நுண்புழைகளில் ஏறிப் படர்ந்துவிடும். முழுதும் உலர்ந்த பிறகே ஒட்டுங்கள்.

ஒரு முனை அடர்ந்தும் மறுமுனை வெளிறியும் உள்ள ரிப்பன் காகிதப் பூக்களுக்கு மிக அழகு. நைலான் ரிப்பன் முழுவதையும் சூடான சாய நீரில் அமிழ்த்தி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இடுக்கியால் இரண்டு சென்டிமீட்டர் மேலே தூக்கிக்கொண்டே வாருங்கள். கடைசியாக வெளிவரும் முனையில்தான் நிறம் மிக அடர்த்தியாக இருக்கும்.