மூன்று முறை தட்டப்பட்ட கதவு

தில்லி கோல் மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி. ஆண் டாக்டரிடம் போகத் தயங்கிய பெண்களுக்காக, பெண்களையே டாக்டர்களாக்க 1916ல் தொடங்கப்பட்டது. அதே தேவையை வேலூரில் நிறைவேற்றியது ஓர் அமெரிக்க மிஷனரி குடும்பம்.

நியூயார்க்கில் நன்றாக நடந்த மருத்துவத் தொழிலை உதறிவிட்டு, 1819ல் மனைவி ஹாரியட்டுடனும் சிறு குழந்தையுடனும் கப்பலேறினார் டாக்டர் ஜான் ஸ்கடர். வழியில், கல்கத்தாவில் குழந்தை இறந்தது. தம்பதி திரும்பிப் போகவில்லை. யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கினார்கள். பிறகு அவர்களது ஏழு மகன்கள் மிஷனரிகளானார்கள்.

பேத்தி ஐடாவுக்கோ அதில் துளியும் விருப்பமில்லை. 1890களின் தொடக்கத்தில், நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவு அடுத்தடுத்து மூன்று கணவர்கள் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தனர். அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

அமெரிக்கா சென்று 1899ல் டாக்டரானார் ஐடா. 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். தான் ஒருத்தி போதாது என்பது விரைவிலேயே புரிந்தது. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. 1947ல் ஆண்களுக்கும் அனுமதி கிடைத்தது. அதுதான் இன்றைய சிஎம்சி.

தலைமுறை தலைமுறையாக டாக்டர்களை அனுப்பிய குடும்பம் அது. அந்த மூன்று வீடுகளுக்குள் நுழையக்கூடிய டாக்டர்களை உள்ளூரிலேயே உருவாக்கியவர் ஐடா.