கட்டைவிரல் சொல்லும் சேதி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சிவன் வைத்தியநாதராக வீற்றிருக்கிறார். திருமலை நாயக்கரின் வயிற்று நோயைத் தீர்த்தவர் என்கிறது தல வரலாறு. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்து வேலைகள் வயிற்றைவிட இடுப்பைத்தான் அதிகம் சோதிக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்கள் அடுப்பு முன்னால் குனிந்து நிற்கிறார்கள். ராஜபாளையம் நூற்பாலைகளில் ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே வேலை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளிலும் அப்படித்தான். "இடுப்புல பிடிச்சு, கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுக்குது" என்பதை இந்தப் பக்கம் எங்கேயும் கேட்கலாம்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயறிதல் பாதி முடிந்துவிடுகிறது. இடுப்போடு நிற்கும் வலி வேறு. முழங்காலைத் தாண்டி, கோடு போட்டதுபோலப் பாதம் வரை இறங்கும் வலி வேறு. பின்னது பெரும்பாலும் முதுகெலும்பின் அடியில் ஒரு நரம்பு வேர் உறுத்தப்படுவதன் அடையாளம். இடுப்புப் பகுதியின் எல்-4 முதல் அதற்குக் கீழே எஸ்-3 வரையிலான ஐந்து வேர்கள் சேர்ந்து, உடலிலேயே மிகத் தடித்த நரம்பாகி, பிட்டத்தின் வழியே காலுக்குள் இறங்குகின்றன. இதுதான் சயாட்டிக் நரம்பு.

ஒன்றாகச் சேர்ந்தபின்னும் ஒவ்வொரு வேரும் தனக்குரிய எல்லையை விடுவதில்லை. எல்-5 வேரின் எல்லை கெண்டைக்காலின் வெளிப்புறமாக வந்து புறங்காலிலும் கட்டைவிரலிலும் முடிகிறது. எஸ்-1 வேர் காலின் பின்பக்கமாகப் போய்ச் சுண்டுவிரலைத் தொடுகிறது. ஆகவே "எந்த விரல் மரத்துப்போகுது?" என்று கேட்கும் மருத்துவர், முதுகுக்குள் எந்த மட்டத்தில் கோளாறு என்றுதான் கேட்கிறார். குதிகாலில் நடக்க முடியவில்லையென்றால் எல்-5 மீது சந்தேகம். நுனிக்காலில் எழும்ப முடியவில்லையென்றால் எஸ்-1. மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனையை 1880-ல் செர்பிய மருத்துவர் லாசா லாசரேவிச் எழுதிவைத்தார். மறு ஆண்டே பாரிஸில் லாசேக் என்பவரின் மாணவர் ஃபோர்ஸ்ட் அதையே எழுதினார். காசு செலவில்லாத அந்தச் சோதனை இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் நடக்கிறது.

உறுத்துவது எது? முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு, நம்மூரில் 'ஜவ்வு' என்று சொல்வது, பிதுங்கி வேரைத் தொடுகிறது என்று பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் நிறுவினார்கள். அதுவரை அந்தத் துண்டுகளைக் கட்டி என்றே பலர் எண்ணியிருந்தார்கள். இந்தக் கதையின் அடுத்த பகுதி நடந்தது கோயம்புத்தூரில். பெரியவர்களின் வட்டுக்குள் ரத்தக் குழாய் இல்லை. மேலும் கீழுமுள்ள மெல்லிய எலும்புத் தகடுகளின் வழியே ஊறி வருவதைக் கொண்டுதான் அது உயிர்வாழ்கிறது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு ஊசியில் மருந்தேற்றி, 24 மணி நேரம் வரை எம்ஆர்ஐ படங்களை அடுத்தடுத்து எடுத்து, அந்த ஊறலைக் கண்ணால் காணவைத்தது. 2004-ல் அந்த ஆய்வு வெளியானது. 2013-ல் அதே குழு 181 நோயாளிகளை ஆராய்ந்து, வட்டு கிழிவது பெரும்பாலும் அதன் வளையத்தில் இல்லை, தகட்டோடு ஒட்டிய இடத்தில்தான் என்று காட்டியது.

எனக்கு இன்னும் பெரிய வியப்பு, பிதுங்கிய துண்டுக்கு அதன்பின் நேர்வது. அதை அந்நியப் பொருளாகக் கருதி நோய் எதிர்ப்பு அணுக்கள் சூழ்கின்றன. அதனால் வேரைச் சுற்றி அழற்சி. வேதனையில் பெரும்பங்கு அந்த அழற்சியினால்தான், வெறும் அழுத்தத்தால் மரமரப்பே அதிகம். அதே அணுக்கள்தான் துண்டைத் தின்று கரைக்கவும் செய்கின்றன. முற்றிலும் வெளியே வந்துவிட்ட பெரிய துண்டுகளே அதிகம் கரைகின்றன! நெதர்லாந்தில் 283 பேரைக் கொண்டு நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி விரைவில் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் அவர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள். காத்திருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குப் பின்னால் அறுவை தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

காத்திருப்பதென்றால் படுத்துக் கிடப்பதல்ல. படுக்கை ஓய்வால் கூடுதல் பலனில்லை. முடிந்தவரை நடப்பதும் பிசியோதெரபியும் உதவுகின்றன. 'நரம்பு மாத்திரை' என்று கொடுக்கப்படும் ப்ரீகாபலின், சிட்னியில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சட்டென நிறுத்தக் கூடாது.

எம்ஆர்ஐ அறிக்கையைப் படித்துக் கலங்குகிறவர்கள் 2021-ல் வெளியான இன்னொரு கங்கா மருத்துவமனை ஆய்வை அறிய வேண்டும். நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 44 பேரில் ஒரு சாராருக்கு அறிக்கையிலுள்ள தேய்மானங்களை முழுதாக விளக்கினார்கள். மற்றவர்களிடம், தெரிபவை இயல்பான மாற்றங்களே என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்து, விளக்கம் கேட்டவர்களுக்கே வலி குறைவாகத் தணிந்திருந்தது, பயமும் கூடியிருந்தது. வலியே இல்லாதவர்களைப் படமெடுத்தாலும் பிதுக்கம் தெரியும். 20 வயதில் சுமார் 30 சதவீதம் பேருக்கு, 80 வயதில் சுமார் 84 சதவீதம் பேருக்கு. கால் காட்டும் மட்டமும் படம் காட்டும் மட்டமும் ஒத்துப்போனால்தான் படத்துக்கு மதிப்பு.

இரவு வலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்த்தாக வேண்டும். பாதம் திடீரென்று தொங்கினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காருமிடம் மரத்தாலோ, எண்ணெய் தடவிப் பொழுதைக் கழிக்கக் கூடாது. அன்றைக்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போய்விட வேண்டும்.