வளைந்த திரைக்குக் காசு கொடுக்கும் முன்

சென்னை ரிச்சி தெருவில் மானிட்டர் கேட்டுப் போனாலும் சரி, இணையக் கடையில் தேடினாலும் சரி, இப்போது முன்வரிசையில் நிற்பது வளைந்த திரைதான். “கண்ணுக்கு நல்லது சார், இப்ப எல்லாரும் கர்வ்டுதான் வாங்குறாங்க” என்ற பேச்சை நம்பி, பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கோ வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கோ தவணை கட்டி வாங்குகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 24, 27 அங்குலத் திரைகளில் வளைவு பெரும்பாலும் அழகுக்குத்தான். எழுத்து, கணக்கு, படிப்பு ஆகிய வேலைகளுக்கு அந்த அளவில் நல்ல தட்டைத் திரையே மேல். 34 அங்குல அகலத் திரைக்குப் போகும்போதுதான் வளைவுக்கு வேலை வருகிறது.

காரணம் அகலம். அட்டைப்பெட்டியில் 1800 ஆர், 1500 ஆர், 1000 ஆர் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வளைவை நீட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் வட்டத்தின் ஆரம்தான் அந்த எண், மில்லிமீட்டரில். எண் குறையக் குறைய வளைவு கூடும். இப்போது ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணிலிருந்து திரையின் நடுப்பகுதி 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். 24 அங்குலத் தட்டைத் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ.; அதன் ஓரம் கண்ணிலிருந்து 75 செ.மீ. தூரத்தில் இருக்கும். ஐந்தே சென்டிமீட்டர் வித்தியாசம், கண்ணுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 34 அங்குல அகலத் திரை சுமார் 80 செ.மீ.; ஓரத்துக்கான தூரம் 81 செ.மீ. ஆகிவிடும். 49 அங்குலத் திரையோ 120 செ.மீ. அகலம், ஓரம் 92 செ.மீ. தள்ளிப் போகிறது, அதுவும் மிகச் சாய்வான கோணத்தில் தெரிகிறது. அந்த ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நம்மை நோக்கித் திருப்பிவைப்பதுதான் வளைவு செய்யும் வேலை. 1800 ஆர் வளைவுள்ள 24 அங்குலத் திரையின் நடுப்பகுதி ஓரத்தைவிட 2 செ.மீ. மட்டுமே உள்வாங்கியிருக்கும். அந்த 2 செ.மீ.க்குத்தான் கூடுதல் விலை.

“கண்ணுக்கு நல்லது” என்ற வாக்கியத்துக்கு வருவோம். நம்மைக் கண் வலி, தலைவலி என்று படுத்தும் காரணங்கள் வேறு. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் காய்கிறது. ஏசி காற்று முகத்தில் நேராக அடித்தால் இன்னும் காய்கிறது. இருட்டறையில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்திருப்போம். நாற்பதைத் தாண்டியவர்கள் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் தூரத்துக்குப் பொருந்தாத திரையை உற்றுப் பார்ப்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூட வளைவு சரிசெய்யாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பது, கண் மருத்துவரிடம் கணினித் தூரத்தைச் சொல்லிப் பவர் பார்த்துக்கொள்வது, இரண்டுக்கும் புதுத் திரை தேவையில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ‘கண்ணுக்கு இதம்’ முத்திரைகளில் பல, தயாரிப்பாளர் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பெறுபவை. மருத்துவச் சீட்டுக்குரிய மதிப்பை அவற்றுக்குத் தந்துவிடாதீர்கள்.

கண்ணுக்கு இதைவிட முக்கியமானது எழுத்தின் கூர்மை. அதைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. குறைந்த விலையில் கிடைக்கும் வளைந்த மானிட்டர்களில் பல, 27 அல்லது 32 அங்குலமாக இருந்தும் ஃபுல் எச்டிதான். 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். 27 அங்குலத்தில் அது 82, 32 அங்குலத்தில் 69. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தக் குறைவு உடனே தெரியும். ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மேல் வரியோடு கலங்கும். அதே 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 பிக்சல் உள்ள தட்டைத் திரை வாங்கினால் 109 பிக்சல் கிடைக்கும். வளைவுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள் என்பேன்.

வளைந்த திரைகளில் பெரும்பாலானவை விஏ பேனல் கொண்டவை. கறுப்பு நன்றாகக் கறுப்பாகத் தெரியும், படம் பார்க்கச் சுகம். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஒருவர் மட்டும் நேர் எதிரே உட்கார்ந்து விளையாடுவதற்கு இது குறையே இல்லை. அகலத் திரையில் கார்ப் பந்தயம் ஆடுபவர்களும், ஒலி, ஒளிப்பதிவுகளை நீளமாக விரித்து வைத்து எடிட்டிங் செய்பவர்களும் வளைவை விரும்புவது நியாயமே. கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டிடிபி கடைக்காரருக்கும், கட்டட வரைபடம் போடுகிறவருக்கும் நேர்கோடு நேர்கோடாகத் தெரிய வேண்டும். அவர்கள் தட்டையிலேயே இருக்கட்டும். நம் வீடுகளில் எதிர்ச்சுவரில் டியூப்லைட் இருப்பது வழக்கம். கரண்டியின் உட்புறத்தில் விளக்கு இழுபடுவதுபோல, வளைந்த திரையில் அந்த வெளிச்சம் நீண்டு பரவும். வாங்கும் முன் மேசை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இந்த மோகம் ஏற்கெனவே ஒருமுறை வந்து போனதுதான். 2013-இல் வளைந்த டிவிகள் பெரும் விளம்பரத்தோடு வந்தன. பல பேர் சேர்ந்து பார்க்கும் கூடத்தில் வளைவால் பயனில்லை என்று புரிந்ததும் சில ஆண்டுகளில் கடைகளிலிருந்து மறைந்தன.

சரி, வாங்கிவிட்டீர்கள். முதல் ஆபத்து பெட்டி வீட்டுக்கு வரும்போதே இருக்கிறது. பேனல் விரிசலை ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று சொல்லி வாரண்டியிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள். அதனால் பெட்டியின் ஆறு பக்கத்தையும், சீரியல் எண்ணையும், பிரிப்பதையும், முதல்முறை திரை ஒளிர்வதையும் இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். வளைந்த திரையை வெளியே எடுக்கும்போது முகம் கவிழ்த்துத் தரையில் வைக்காதீர்கள். எடை முழுவதும் இரண்டு ஓரங்களில் இறங்கும். அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க வைத்துச் செத்த புள்ளி உண்டா என்று பாருங்கள். ஓரிரு புள்ளிகளுக்குப் பல நிறுவனங்கள் வாரண்டியில் திரையை மாற்றித் தருவதில்லை. கடையின் திரும்பப்பெறும் காலத்துக்குள் கண்டுபிடித்தால்தான் எளிதில் தீரும்.

இங்கே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று கடைக்காரர் முத்திரை குத்திவிட்டார் என்பதற்காகப் பழுதான மானிட்டரோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. இணையத்தில் வாங்கினால் 2020-இன் மின்வணிக விதிகள் இன்னும் தெளிவானவை: விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றாலே விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. 144 ஹெர்ட்ஸ் என்று போட்டு 75 ஹெர்ட்ஸ் வந்தால் இது பொருந்தும். ஆனால், பழுதே இல்லாமல் “வளைவு பிடிக்கவில்லை” என்பது குறைபாடாகாது. அதற்குக் கடையின் சொந்த விதிதான். கடையில் நேரில் அரைமணி நேரம் உட்கார்ந்து, உங்கள் சொந்தக் கோப்பையே திறந்து பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

கண் நோவைப் போக்கும் என்பதுபோன்ற ஆதாரமில்லாத விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அந்த விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள். பிறகு தேடினால் வாசகம் மாறியிருக்கலாம்.

புகாரை முதலில் எழுத்தில், இணையக் கடையின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. மானிட்டருக்கு 3 ஆண்டு வாரண்டி இருந்தாலும், வழக்குத் தொடர உள்ள காலம் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான். சர்வீஸ் சென்டர்காரர் “அடுத்த வாரம்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட்டைத் தேதியோடு கேட்டு வாங்குங்கள்.