பசுந்தேநீரின் பயனும் அதனைச் சுவைபெற வடிக்கும் வகையும்

நோயுற்றார் கஷாயம் அருந்துமாறு போல, முகஞ்சுளித்துக் கொண்டு பசுந்தேநீரை விழுங்குவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். "உடம்பிற்கு நல்லது என்கின்றார்கள், ஆகவே குடிக்கின்றேன்" என்பது அவர் கூற்று. யானும் முன்னர் இக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. நம் வீடுகளில் தேநீர் வைக்கும் வழக்கப்படியே, கொதிக்கும் நீரில் இலையைப் பெய்து, மேலும் சற்றே கொதிக்கவிட்டு, பழுப்பேறிய அக்கசப்பு நீரைச் சின்னாள் பருகிப் பின் கைவிட்டேன். குற்றம் இலையினதன்று, என்னுடையதே என்பது பல்லாண்டு கழித்தே எனக்குப் புலனாயிற்று.

பசுந்தேயிலை தனியொரு செடியின் இலை என்று கருதுவார் பலர். அஃது அன்று. நாம் பாலும் சர்க்கரையும் கூட்டிப் பருகும் கருந்தேயிலையும் பசுந்தேயிலையும் காமெலியா ஸைனென்ஸிஸ் என்னும் ஒரே செடியினின்று கொய்யப்படுவனவே. வேற்றுமை, கொய்தபின் செய்யும் செயலில் உளது. கத்தரிக்காயை நறுக்கி வெளியில் வைத்தால் வெட்டுவாய் கறுத்துப்போவதை நம் இல்லத்து மகளிர் அறிவர். அதனாலன்றோ நறுக்கியவுடன் நீரிலிடுகின்றனர்! தேயிலையைக் கசக்கி வைத்தாலும், அதனுள் இருக்கும் நொதிப்பொருள் ஒன்று காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி அவ்வாறே இலையைக் கறுக்கச் செய்கின்றது. கருந்தேயிலை செய்வோர் இம்மாறுதலை வேண்டியே வரவிடுகின்றனர். பசுந்தேயிலை செய்வோரோ, கொய்த சிறிது பொழுதிற்குள் இலையைச் சூடேற்றி அந்நொதியின் வலியை அழித்து விடுகின்றனர். சீனர் இரும்புச் சட்டியிலிட்டு வறுப்பர். ஜப்பானியர் நீராவியில் அவிப்பர். வறுத்த இலையில் வறுத்த பயற்றின் மணமும், அவித்த இலையில் கீரையின் மணமும் தோன்றுவது இதனாலேயே. நீலகிரித் தோட்டங்களிலும் கருந்தேயிலையோடு பசுந்தேயிலை ஓரளவு செய்யப்படுகின்றது.

இப்பானத்தை மருந்தெனப் போற்றியது இற்றை நாள் வழக்கமன்று. சீனம் சென்று 1191-ஆம் ஆண்டில் தாயகம் மீண்ட ஏய்ஸாய் என்னும் ஜப்பானியப் பௌத்தத் துறவி, 1211-இல் தேநீர் அருந்தி உயிரோம்பும் முறையைப் பற்றி ஒரு நூலியற்றினார். மூன்றாண்டு கழித்து, ஸானெட்டோமோ என்னும் படைத்தலைவர் முன்னிரவு மிகுதியாக மதுவருந்தியதனால் துன்புற்றிருந்தபோது, அத்துறவி ஒரு கிண்ணம் தேநீரும் அந்நூலும் கொடுத்தனுப்பினார் என்று வரலாறு கூறும். எனினும் அக்காலத்தில் பருகப்பட்டது அரைத்த தேயிலைத் தூள். ஆவியில் அவித்து, கையால் உருட்டி உலர்த்தும் முறையை 1738-இல் ஊஜிக்கு அருகிலுள்ள சிற்றூரில் செம்மைப்படுத்தியவர் நாகதானி ஸோயென் என்னும் தேயிலையாளர். ஸெஞ்சா என்று இன்று வழங்கும் பசுந்தேயிலை அவர் வழி வந்ததே.

அவ்விலையின் உட்பொருள்களை ஆராய்ந்து கண்டவருள் முதன்மையாகப் போற்றத்தக்கவர் ட்ஸுஜிமுரா மிச்சியோ என்னும் அம்மையார். 1924-இல் தம் உடனாய்வாளருடன் பசுந்தேயிலையில் வைட்டமின் ஸி இருத்தலைக் கண்டார். 1929-இல் காட்டெகின் என்னும் பொருளை அதனினின்று பிரித்தெடுத்தார். 1932-இல் ஜப்பானில் வேளாண்மைத் துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதற்பெண்மணியும் ஆயினார். காட்டெகின்களே பசுந்தேயிலையின் துவர்ப்பிற்கும் பெரும்பாலான பயனுக்கும் காரணமாகக் கருதப்படுபவை. காபீன் என்பது கசப்பையும் ஊக்கத்தையும் தருவது. ஒரு கிண்ணம் பசுந்தேநீரில் அஃது ஏறக்குறைய 30 மில்லிகிராம் இருக்கும்; அதே அளவு காப்பியில் அதனினும் மும்மடங்கு. தியானின் என்பது மூன்றாவது. இன்சுவையை அளிப்பது இதுவே.

இனிப் பயனைப் பற்றி. ஜப்பானின் வடகிழக்கிலுள்ள ஓஸாகி வட்டாரத்தில் 40,530 பேரைப் பதினோராண்டு வரை தொடர்ந்து கவனித்து, 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. நாடோறும் ஐந்து கிண்ணமும் அதற்கு மேலும் பருகியவருள், ஒரு கிண்ணத்திற்கும் குறைவாகப் பருகியவரினும், இறப்பு ஆடவரிடத்து 12 சதவீதமும் மகளிரிடத்து 23 சதவீதமும் குறைந்து காணப்பட்டது. இதயமும் இரத்தக் குழாய்களும் பற்றிய நோய்களிலேயே இக்குறைவு மிகுதி. புற்றுநோயால் நேர்ந்த இறப்பில் குறைவு ஒன்றும் தோன்றவில்லை. இதைக் கொண்டு தேநீரே ஆயுளை நீட்டியது என்று முடிவு கட்டல் தகாது. மிகுதியாகத் தேநீர் பருகுவோர் உணவிலும் உழைப்பிலும் வேறு நல்வழக்கங்கள் உடையவராய் இருத்தல் கூடுமன்றோ? இரத்தத்திலுள்ள தீய கொழுப்பைப் பசுந்தேநீர் சிறிதளவு குறைக்கின்றது என்பது பல சோதனைகளால் தெளிவாகியுள்ளது. உடற்பருமனைக் கரைக்கும் என்பதோ பெரும்பாலும் விற்பவர் மொழி. அவ்வாறு குறையும் எடை பொருட்படுத்தத்தக்க அளவினதன்று.

பருமனைக் குறைக்க விரும்பி, பசுந்தேயிலைச் சத்தை வில்லைகளாக விழுங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. வடித்த தேநீர் வேறு, பிழிந்தெடுத்த சத்து வேறு. இச்சத்து வில்லைகளின் வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் முதன்மைக் காட்டெகினை உட்கொள்ளுதல் கல்லீரலுக்குக் கேடு சூழக்கூடும் என்று ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம் 2018-இல் அறிவித்தது. கிண்ணத்தில் வார்த்துப் பருகுவோர்க்கு அவ்வச்சம் பெரிதன்று.

மற்றொரு செய்தி நம் நாட்டிற்கு, சிறப்பாக நம் மாணவியர்க்கு, மிகவும் வேண்டுவது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய மகளிருள் 57 சதவீதத்தினர் இரத்தச் சோகை உடையவர். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைத் தேயிலையின் துவர்ப்பொருள்கள் பற்றிக்கொண்டு, உடலிற் சேரவொட்டாமல் தடுக்கின்றன. எனவே உணவோடு சேர்த்தும், உண்டு கைகழுவிய உடனேயும் தேநீர் அருந்துவது, முருங்கைக்கீரை உண்ட பயனை நாமே கெடுத்துக்கொள்வதாகும். உணவிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கழிதல் நன்று. இரத்தச் சோகைக்கு மருந்துண்போர் அம்மருந்தையும் தேநீரொடு விழுங்கலாகாது.

இப்போது சுவைக்கு வருவோம். இதன் மறை முழுதும் நீரின் சூட்டில் அடங்கியிருக்கின்றது. தியானின் தண்ணீரிலும் எளிதிற் கரையும். காட்டெகினும் காபீனும் சூடு ஏறஏற மிகுதியாக இறங்கும். ஆகவே கொதிநீரை வார்ப்பவர் துவர்ப்பையும் கசப்பையும் தாமே அழைத்துக்கொள்கின்றார். இன்சுவை இருந்தும் அவற்றினுள் மறைந்து போகின்றது. ஸெஞ்சாவிற்கு 70 முதல் 80 டிகிரி வரை சூடுள்ள நீர் போதும். பறிக்குமுன் ஏறக்குறைய இருபது நாள் நிழலிட்டு வளர்க்கும் கியோகுரோ என்னும் உயர்ந்த வகைக்கு 50 முதல் 60 டிகிரி. வெயில் பட்டால் தியானின் காட்டெகினாக மாறும். அதைத் தடுக்கவே அந்நிழல்.

உஷ்ணமானி இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. கொதித்த நீரை ஒரு பாத்திரத்தினின்று மற்றொன்றிற்கு மாற்றும்போதெல்லாம் சூடு ஏறக்குறைய பத்து டிகிரி தணியும். காப்பியை டபராவில் ஆற்றிப் பழகிய நமக்கு இஃது ஒரு வித்தையா? ஆற்ற வேண்டியது தேநீரையன்று, இலையிலிடுமுன் நீரை. இருமுறை மூன்றுமுறை மாற்றினால் அளவு சரியாகும். ஒரு கிண்ணத்திற்கு ஒரு சிறு கரண்டி இலை இட்டு, ஆறிய நீரை வார்த்து, மூடி, ஒரு நிமிடமளவு அசையாது விடுக. பின்னர்க் கடைசித் துளி வரை வடித்துவிடல் வேண்டும். இலையை நீரிலேயே ஊறவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர், பேச்சு முடிந்தபின் கசப்பைக் குடிப்பர். இருவர் மூவர்க்கு வார்க்கும்போது ஒவ்வொரு கிண்ணத்திலும் சிறிது சிறிதாக மாறிமாறி வார்த்தால், முதல்வர்க்கு நீர்த்ததும் கடைசியவர்க்குக் கடுத்ததுமாக நேராது. அவ்விலையே இரண்டாம் முறைக்கும் உதவும். அப்பொழுது நீர் சற்று மிகுந்த சூடுடையதாய் இருக்கலாம். குடிக்கும்போதும் ஆவி பறக்கப் பருகற்க. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எப்பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இடந்தரக்கூடும் என்பது 2016-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான உலக நிறுவனம் கண்ட முடிபு.

பால் வேண்டா, பாலின் புரதம் காட்டெகினைப் பற்றிக்கொள்ளும், சுவையும் பொருந்தாது. எலுமிச்சஞ்சாறு சில துளி சேர்த்தல் நன்று. மொராக்கோ நாட்டார் புதினாவும் நிரம்பச் சர்க்கரையும் கூட்டிப் பருகுவர். புதினா வரை யான் உடன்படுவேன். சர்க்கரையை அவர் இடும் அளவு கண்டால் நம் மிட்டாய்க் கடைக்காரரும் அஞ்சுவர். உப்பு நீர்க் கிணற்று நீரில் நிறமும் மணமும் மங்கும். இலையைக் காற்றும் வெளிச்சமும் புகாத தகர டப்பாவில், பெருங்காயத்தினின்றும் மிளகாய்ப் பொடியினின்றும் விலக்கி வைத்தல் வேண்டும். பிறமணம் பற்றுவதில் தேயிலையை வெல்லும் பொருள் அரிது.

கோடையில் அடுப்பும் வேண்டா. பானைத் தண்ணீரில் இலையையிட்டு, மூடி, குளிர்ந்த இடத்தில் நாலைந்து மணி நேரம் வைத்து வடித்தால், கசப்பின்றி இனிமை மிக்க பானம் கிடைக்கும், காபீனும் குறைந்திருக்கும். கியோகுரோவை வடித்தெடுத்தபின் எஞ்சும் மெல்லிய இலையைச் சோயாச் சாறு சில துளி தெளித்துக் கீரைபோல் உண்பாரும் ஜப்பானில் உளர். யான் இன்னும் அதற்குத் துணிந்தேனில்லை.