குடிநோய் மீட்சி: சாக்கும் பொறுப்பும்

நோய்தான், ஆனாலும்

குடிநோய் ஒழுக்கக் குறைவு அல்ல. அமெரிக்க மருத்துவச் சங்கம் அதை நோய் என்று 1956-லேயே அறிவித்தது. நெடுநாள் குடி மூளையின் டோபமின் இயக்கத்தை மாற்றி, ஆசையை அடக்கும் திறனைக் குறைக்கிறது. சர்க்கரை நோய் வந்ததற்காக ஒருவரை யாரும் திட்டுவதில்லை. ஆனால் மாத்திரையை அவர்தான் விழுங்க வேண்டும். குடிநோயிலும் பொறுப்பு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சாக்கு செய்யும் வேலை

“உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்”, “வீட்டில் நிம்மதியில்லை”, “கூட்டாளி விடமாட்டேன் என்கிறான்.” இவை முழுப் பொய்களும் அல்ல. மூட்டை தூக்குபவருக்கு உடம்பு வலிப்பது உண்மை. ஆனால் வலிக்கு வைத்தியம் உண்டு. சாக்கு அவரை அந்தப் பக்கம் போகவிடாமல் டாஸ்மாக் பக்கமே திருப்புகிறது. சில சாக்குகளில் காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கும். குடியால் தூக்கம் கெடும். தூக்கம் வரவில்லை என்று மறுபடி குடிப்பார்.

ஒன்றை மட்டும் சாக்கு என்று ஒதுக்கக் கூடாது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் வரலாம். இங்கே வைராக்கியம் மட்டும் போதாது. மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதுதான் பொறுப்பான வழி.

கிளாஸைத் தொடும் முன்பே

உளவியலாளர்கள் ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985-ல் வெளியிட்ட நூல், மறுபடி குடிப்பது எப்படித் தொடங்குகிறது என்பதை ஆராய்ந்தது. சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் சின்னச் சின்ன முடிவுகளே ஒருவரைக் குடிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. சனிக்கிழமைக் கூலியை அப்படியே பையில் வைத்திருப்பது, கடை இருக்கும் தெரு வழியாகச் சுற்றிப் போவது, கல்யாண மண்டபத்தில் பழைய கூட்டாளிகளோடு உட்காருவது. பிறகு, “எப்படியோ நடந்துவிட்டது” என்ற பேச்சு. அந்த ‘எப்படியோ’வை ஒவ்வொரு முடிவாகப் பிரித்துப் பார்ப்பதுதான் மீட்சியின் கடினமான பாடம்.

தன்னையே நொந்துகொள்வது பொறுப்பு ஆகாது. “சறுக்கியாயிற்று, இனி என்ன” என்ற விரக்தி அடுத்த குவார்ட்டருக்கான சாக்கு. அன்றைக்கே ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்பவர் விழுந்த இடத்திலிருந்து எழுந்துவிடுகிறார்.

ஒப்புக்கொள்ளுதல்

1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 மீட்சிப் படிகளில் முதலாவது, மதுவிடம் தோற்றுவிட்டதை ஏற்பது. 8-ஆம் படியில் தன்னால் காயப்பட்டவர்களைப் பட்டியலிட வேண்டும். 9-ஆவதில் அவர்களுக்கு நேரடியாக ஈடுசெய்ய வேண்டும். அது அவர்களை மேலும் புண்படுத்துமானால் கூடாது. தோல்வியை ஏற்பதும் பொறுப்பை ஏற்பதும் அங்கே ஒன்றையொன்று மறுப்பதில்லை.

வீட்டாரின் பங்கு

“அவருக்குக் காய்ச்சல்” என்று முதலாளிக்கு போன் செய்வதும், குடிக்கடனை அடைப்பதும் பாசத்தால் நடப்பவை. ஆனால் இவற்றால் குடியின் விளைவு குடிப்பவரை எட்டாமலே போகிறது. இவற்றை நிறுத்துவது கைவிடுவது ஆகாது. சிகிச்சைக்குத் துணை போகலாம், 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். அடி உதை இருக்கும் வீட்டில் மட்டும் இது மாறும்: மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்பே முதலில், குடிப்பவரின் சிகிச்சை அதன் பிறகு.